வண்டிக்குள்ள ஒரே பெட்ரோல் வாடை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு யாரும் தேடியிருக்கப் போறதில்லை. மர பெஞ்ச் செஞ்ச கதையோட ரெண்டாம் பாகம் எழுதறேன்னு சொல்லிட்டுப் போனவன், இன்னைக்கு பழைய வண்டிக் கதையோட வந்திருக்கேன். மன்னிச்சுக்கோங்க. பெஞ்ச் எங்கேயும் ஓடிப்போகாது. கொஞ்சம் நீளமான பதிவு, காபி கலந்து எடுத்துக்கிட்டு உட்காருங்க.

நாங்க இருக்கிறது ஹூஸ்டன் பக்கம். டெக்சாஸ்ல பிக்கப் வண்டி இல்லாதவனை ஒரு மாதிரியாத்தான் பார்ப்பாங்க. அந்த ஜோதியில நானும் ஐக்கியமாகி, 2003 மாடல் வண்டி ஒண்ணை பழசாத்தான் வாங்கினேன். எட்டு சிலிண்டர், நாலு கதவு, பின்னாடி பலகை ஏத்தறதுக்குத் தொட்டி. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை, ஏன்னா இதுல கம்பெனி மேல தப்பே இல்லை. தங்கமணிக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "லாரி"ன்னுதான் சொல்வாங்க. "லாரியை நகர்த்துங்க, நான் காரை எடுக்கணும்." தினமும் இதுதான் எங்க வீட்டு சுப்ரபாதம்.

2023 மே மாசம் அம்மா ஊர்லேர்ந்து வந்தாங்க. ஊர்னா அருப்புக்கோட்டை பக்கம். ஆறு மாசம் இருக்கறதா ஏற்பாடு. அதுவரைக்கும் இந்த வண்டியோட பின் சீட்ல மனுஷங்க உட்கார்ந்ததே அபூர்வம். தங்கமணியும் பாப்பாவும் சின்னக் கார்லதான் போவாங்க. அம்மா வந்தப்புறம் நாலு பேரு, சாப்பாட்டுக் கூடை, மடக்கு நாற்காலின்னு கிளம்ப வேண்டியிருந்ததால என் வண்டிக்கு திடீர் மவுசு. அம்மாவுக்கு ஏற எட்டாது. நான் செஞ்ச முக்காலியைப் போட்டு கையைப் பிடிச்சு ஏத்திவிடுவேன். அம்மாவும் பாப்பாவும் பின்னாடி, நாங்க ரெண்டு பேரும் முன்னாடி.

முதல் ஞாயித்துக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கிளம்பினோம். பாதி வழியில அம்மா கேட்டாங்க.

"ஏய்யா, வண்டிக்குள்ள என்னமோ பெட்ரோல் வாடை அடிக்குதே?"

"இப்பத்தானம்மா பங்க்ல நிறுத்தி போட்டோம். என் கையில பட்டிருக்கும்."

அடுத்த வாரமும் அதே கேள்வி. "பிளைட்ல வந்த அலுப்பும்மா, இன்னும் உனக்கு சரியாகலை"ன்னு அதே மாதிரி ஒரு பதில். மூணாவது வாரம் கோயில் வாசல்ல இறங்கினதும் ஓரமாப் போய் வாந்தி எடுத்துட்டாங்க. நான் என்ன பண்ணியிருக்கணும்? என்ன பண்ணேன் தெரியுமா? காலையில வெறும் வயித்தோட கிளம்பாதேன்னு ஒரு சொற்பொழிவு நடத்தினேன்.

நாலாவது வாரம், "நீங்க போயிட்டு வாங்கய்யா. எனக்கு முட்டி வலி"ன்னுட்டாங்க. மீனாட்சின்னா உயிரை விடற அம்மா! அதுக்கப்புறம் கோயில் மட்டுமில்லை, கடைக்குக் கூப்பிட்டாலும் வரலை. இங்கே வந்தா எல்லாப் பெத்தவங்களுக்கும் இப்படித்தான், நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடந்து மனசு சோர்ந்துபோகுதுன்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

கண்ணைத் திறந்துவிட்டது தங்கமணி. "அத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை மாடிப்படி ஏறி இறங்கறாங்க. முட்டி வலியாம்! அவங்க வராதது உங்க லாரிக்குப் பயந்து. ஒரு நாள் நீங்க பின்னாடி உட்கார்ந்து பாருங்களேன்."

சவாலுக்குத்தான் ஒத்துக்கிட்டேன். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, தங்கமணி ஓட்ட, அம்மா வழக்கமா உட்கார்ற இடத்துல நான். வெளியே நாப்பது டிகிரி வெயில், ஏசி முழு வேகத்துல. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் தெரியலை. நெடுஞ்சாலையில ஏறினதும் முதுகுப் பக்கத்துலேர்ந்து மெதுவா வந்துச்சு. லேசா வர்றப்ப ஒண்ணும் பெரிசா இல்லை. பத்தாவது நிமிஷம் நெத்திப்பொட்டுல வலி ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்துல ஏழு வயசு பாப்பா பாட்டுக்கு ஜாலியா வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தா.

"உனக்கு வாடை தெரியுதாடா?"

"தெரியுதேப்பா. எப்பவும் வருமே. மார்க்கர் பேனா மாதிரி நல்லாருக்கும்."

எப்பவும் வருமாம். நல்லாருக்குமாம். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கப்பட்ட சரக்கு. அதை வாரா வாரம் என் பொண்ணு மூச்சுல இழுத்துக்கிட்டு இருந்திருக்கா, முன் சீட்ல நான் பாட்டு கேட்டுக்கிட்டு ஓட்டியிருக்கேன்.

*

எனக்கு ஏன் தெரியலை? ரெண்டு காரணம். முன் சீட்ல ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்கும், பின்னாடி கசியறது அங்கே வந்து சேர நேரமாகும். ரெண்டாவது, மூக்கோட குணம். ஒரே வாசனையில கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு அதைக் கணக்குல எடுத்துக்கறதை நிறுத்திடும். மீன் மார்க்கெட்ல கடை போட்டிருக்கறவருக்கு மீன் வாடை தெரியாத மாதிரி. வாடை போயிடலை, மூக்குதான் சொல்றதை நிறுத்திடுச்சு. புதுசா வந்து ஏறுறவங்க சொல்றதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னவங்களுக்குத்தான் நான் சொற்பொழிவு நடத்தினேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை வழக்கம் போல கராஜ்ல விடப் போனேன். அப்பத்தான் அடுத்த இடி. எங்க வீட்டு வாட்டர் ஹீட்டர் இருக்கறது கராஜ்ல. பழைய கேஸ் ஹீட்டர், எப்பவும் ஒரு சின்ன ஜ்வாலை எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பெட்ரோல் ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணி மாதிரி தரையோட தரையா ஊர்ந்து போகும். காத்துல 1.4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். கராஜ்ல வைக்கிற ஹீட்டரோட நெருப்பு தரையிலேர்ந்து 18 அங்குலமாவது உயரத்துல இருக்கணும்னு இங்கே கட்டட விதி இருக்கறதே இதுக்காகத்தான். எங்க ஹீட்டர் மேடை மேலதான் இருக்கு. இருந்தாலும் அதையே நம்பி தூங்க முடியுமா?

அந்தக் கராஜ் சுவரை ஒட்டின ரூம் யாரோடதுன்னு நினைக்கறீங்க? அம்மாவோடது.

வீட்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கேன்னு முதல்ல ஒரு ஆறுதல். அப்புறம்தான் உறைச்சுது, அது கார்பன் மோனாக்சைடுக்கு மட்டும்தான் கத்தும். பெட்ரோல் ஆவி ரூம் நிறைய வந்தாலும் அது சிவனேன்னு கிடக்கும்.

வண்டியைத் தெருவுல விட்டேன். கராஜ் கதவை முழுசா திறந்து வெச்சேன். அம்மாகிட்ட போய், "ஏம்மா, நீ அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன்.

"சொன்னேனேய்யா. மூணு வாட்டி சொன்னேன். நீ ஆசைப்பட்டு வாங்கின வண்டி. ஆறு மாசம் இருந்துட்டுப் போறவ நான், எதுக்கு அதைக் குத்தம் சொல்லிக்கிட்டு? ராத்திரி கூட ரூம்ல லேசா வரும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்குவேன்."

இதுக்கு என்ன பதில் சொல்றது? எழுந்து வெளியே வந்துட்டேன்.

*

சரி, இனிமே மெக்கானிக் வேலை. இதுல ஆர்வம் இல்லாதவங்க அடுத்த நட்சத்திரக் குறிக்குத் தாண்டிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி, 2022 நவம்பர்ல, வண்டியோட பெட்ரோல் பம்ப் செத்துப்போய் ஒரு கடையில மாத்தியிருந்தேன். அதனால முதல்ல அங்கேயே எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனேன், அதுக்குள்ள டேங்க் பாதியாகியிருந்தது. கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து மோந்து பார்த்துட்டு, "ஒரு வாடையும் இல்லையே"ன்னார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். நிஜமாவே இல்லை. அசடு வழிய திரும்பி வந்தேன்.

என் வழக்கம் என்னன்னா, சந்தேகப்பட்ட பாகத்தை எல்லாம் வாங்கி மாத்தறது. ஏற்கெனவே பிப்ரவரியில இன்ஜின் விளக்கு எரிஞ்சப்ப ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். பி0442னு காட்டுச்சு. பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிற அமைப்புல சின்னக் கசிவு இருக்குன்னு அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் அளவு ஓட்டை இருந்தாலே வண்டி கண்டுபிடிச்சுச் சொல்லிடும். நான் டேங்க் மூடியை மாத்திட்டு, கோடை அழிச்சுட்டு, வேலை முடிஞ்சுதுன்னு போயிட்டேன். அந்த சோதனையை வண்டி எப்பவும் செய்யாது. டேங்க் சுமார் 15லேர்ந்து 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும், இன்ஜின் ஆறிப்போய் ஸ்டார்ட் பண்ணியிருக்கணும். அதனால விளக்கு அணைஞ்சு இருந்ததை வெச்சு சரியாயிடுச்சுன்னு நம்பியிருக்கக் கூடாது. வண்டி ஒரு தடவை சொல்லுச்சு, அம்மா மூணு தடவை சொன்னாங்க. ரெண்டையும் ஒரே மாதிரித்தான் கேட்டிருக்கேன்.

இந்தத் தடவையும் பாகங்களோட பட்டியல் போட உட்கார்ந்தப்ப, அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க.

"வீட்ல கேஸ் சிலிண்டர் வாடை வந்தா நான் என்ன செய்வேன்? முதல்ல சிலிண்டரை மூடிப் பார்ப்பேன். அப்புறம் அடுப்பு. எதை மூடினா வாடை நிக்குதோ, கோளாறு அதுக்கு அங்கிட்டு. உன் வண்டியில மூடிப் பார்க்க ஒண்ணும் இல்லையா?"

இருந்துச்சு. ஏசியில ரெண்டு நிலை. ஒண்ணு வெளிக்காத்தை இழுக்கும். இன்னொண்ணு உள்ளே இருக்கற காத்தையே சுத்த விடும். வெளிக்காத்து எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தா, முன் கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் மூடிக்குப் பின்னாடி இருக்கற சல்லடை வழியா. இன்ஜின் பக்கம் பெட்ரோல் கசிஞ்சா, வெளிக்காத்து வைக்கும்போதுதான் வாடை அதிகமாகணும்.

ஓட்டிப் பார்த்தோம். அம்மாதான் சோதனைக் கருவி. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்கலை. மூக்கு பழகிடக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் தோட்டத்துல நடந்துட்டு வந்து ஏறணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல உட்கார விட மாட்டேன், உடனே ஜன்னலை இறக்கிடுவேன். அம்மா சொல்லச் சொல்ல பாப்பா நோட்டுல எழுதினா.

டேங்க் நிறைய, உள்காத்து: வாடை அதிகம்.
டேங்க் நிறைய, வெளிக்காத்து: லேசா, இல்லைன்னே சொல்லலாம்.
டேங்க் பாதி, எந்தக் காத்தானாலும்: இல்லை.

பாப்பா கையெழுத்துல இந்த மூணு வரியைப் பார்த்ததும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி இருந்தது.

வெளிக்காத்து வெச்சா வாடை குறையுது. அப்போ கோளாறு முன்னாடி இல்லை. வெளிக்காத்து உள்ளே வர்றப்ப கேபினுக்குள்ள காத்தழுத்தம் கொஞ்சம் கூடும், அந்தக் காத்து பின் சுவர்ல இருக்கற ரப்பர் மடிப்பு வழியா வெளியே போகும். பிக்கப்ல பின் சீட்டுக்குப் பின்னாடி இப்படி ஒரு துவாரம் இருக்கும், கதவைச் சாத்தும்போது காது அடைக்காம இருக்கறது இதனாலதான். காத்து வெளியே மட்டும் போகணும், உள்ளே வரக் கூடாது. உள்காத்து வெச்சா வெளியே தள்ளுற அழுத்தம் போயிடும். ரப்பர் வெயில்ல காய்ஞ்சு சுருண்டிருந்தா, வெளியே இருக்கறது உள்ளே வரும். ஆக, வாடை பின்னாடி, கேபினுக்குக் கீழே.

டேங்க் பாதியானா வாடை இல்லை. அப்போ கோளாறு டேங்கோட உச்சியில. பெட்ரோல் மட்டம் அங்கே எட்டும்போதுதான் கசியுது. டேங்கோட உச்சியில என்ன இருக்கு? பம்ப் உட்காரும் வாய். ஆறு மாசத்துக்கு முன்னாடி திறந்து மூடின அதே வாய்.

அவசரப்படாம இன்னும் ஒண்ணையும் மூடிப் பார்த்தேன். உதிரிபாகக் கடையில முன்பணம் கட்டினா பிரஷர் கேஜ் இரவல் தருவாங்க. அதை இன்ஜின் பக்கம் பெட்ரோல் குழாய்ல மாட்டி, பம்பை ஓட விட்டு நிறுத்தி அரை மணி பார்த்தேன். முள் இறங்கலை. அழுத்தத்துல இருக்கற குழாய், இன்ஜெக்டர் எல்லாம் நல்லா இருக்கு. மிச்சம் இருந்தது டேங்கோட தலை மட்டும்தான்.

டேங்குக்கும் பின்தொட்டிக்கும் நடுவுல கை கூட நுழையாது. செல்போனை செல்ஃபி குச்சியில கட்டி உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். டேங்க் மேல ஒரே புழுதி. பம்பைச் சுத்தி மட்டும் ஒரு பக்கம் கருப்பா, ஈரமா, பிறை நிலா மாதிரி.

ராத்திரி வீடியோவை அம்மாகிட்ட காட்டினேன். "இதுதானா?"ன்னாங்க. அவ்வளவுதான். "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை வரலை. வந்திருந்தா கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

*

சரி பண்ண ரெண்டு வழி. டேங்கைக் கீழே இறக்கலாம், இல்லேன்னா மேல இருக்கற தொட்டியைத் தூக்கலாம். என் டேங்க் 26 காலன், கிட்டத்தட்ட 98 லிட்டர். நிறைஞ்சிருந்தா பெட்ரோல் மட்டுமே எழுபது கிலோவுக்கு மேல வரும். வெறும் ஜாக்கியை வெச்சுக்கிட்டு அதுக்குக் கீழே படுக்க எனக்கு தைரியம் இல்லை. தொட்டியைத் தூக்கறதுன்னு முடிவு பண்ணி, டேங்க் கால்வாசிக்குக் கீழே வர்ற வரைக்கும் ஓட்டித் தீர்த்தேன். தனியா, ஜன்னல் எல்லாம் திறந்து, நாப்பது டிகிரி வெயில்ல, ஏசி இல்லாம. அது எனக்கு நானே குடுத்துக்கிட்ட தண்டனை.

சனிக்கிழமை நண்பர்கள் மூணு பேரைக் கூப்பிட்டேன். பிரியாணின்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். தொட்டி தூக்கணும்னு வந்தப்புறம்தான் சொன்னேன், ஹிஹி. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் "ஏனுங், இத மொதல்லயே சொல்லியிருந்தா பழைய சட்டை போட்டு வந்திருப்பனுங்களே"ன்னார்.

வேலைக்கு முன்னாடி செஞ்சதைச் சொல்லிடறேன், யாராவது இதைப் பார்த்துட்டு செய்யப் போனா உதவும். வண்டி கராஜ்ல இல்லை, திறந்த வெளியில. பம்போட ரிலேவைப் பிடுங்கிட்டு, இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓடவிட்டு, குழாய்ல இருந்த அழுத்தத்தை இறக்கியாச்சு. பேட்டரியோட நெகட்டிவ் கழட்டியாச்சு. வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் மட்டும், குண்டு பல்பு கூடவே கூடாது. கீழே விழுந்து உடைஞ்சா அந்த சூடான இழை ஒண்ணே போதும். தீயணைப்பான் கை எட்டற தூரத்துல. யாருக்கும் பாக்கெட்ல லைட்டர் இல்லைன்னு பாப்பாவே செக் பண்ணினா.

முதல் நாள் ராத்திரியே எட்டு போல்ட்டுக்கும் துரு எண்ணெய் விட்டு ஊற வெச்சிருந்தேன். ஏழு கழண்டுச்சு, எட்டாவதுக்கு மட்டும் ஒரு மணி நேரம். பெட்ரோல் ஊத்தற வாயோட ஸ்க்ரூ, பின் விளக்கு ஒயர் எல்லாம் கழட்டிட்டு, நாலு மூலையில நாலு பேர் நின்னு தூக்கினோம். பெருமாள் சப்பரம் தூக்கின மாதிரி இருந்ததுன்னு திண்ணையில உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாங்க. திண்ணைன்னா அவங்க அப்படித்தான் சொல்வாங்க, முன்வாசல் படி.

டேங்க் தலை கண்ணெதிர்ல. சுத்தி இருந்த புழுதியை நல்லா ஊதித் துடைச்சேன், இல்லேன்னா திறந்ததும் எல்லாம் டேங்குக்குள்ள போயிடும். பூட்டு வளையத்தை பித்தளை உளியை வெச்சு லேசா தட்டித் திருகினேன். இரும்பு வெச்சுத் தட்டினா பொறி பறக்கும். வளையம் கழண்டதும் கீழே இருந்த ரப்பர் ரிங்கைப் பார்த்தேன். ஒரு இடத்துல பள்ளத்தை விட்டு வெளியே வந்து, மடிஞ்சு, நசுங்கி, கருவாடு மாதிரி கிடந்தது. சரியா அந்தப் பிறை நிலா ஈரம் இருந்த இடம்.

இது பழைய ரிங். பெட்ரோல்ல வருஷக்கணக்கா ஊறின ரப்பர் உப்பிப் போயிடும், ஒரு தடவை எடுத்துட்டா திரும்ப அந்தப் பள்ளத்துல உட்காராது. புது பம்ப் மாத்தும்போது புது ரிங் போடணும். அதைப் போடாம உப்பின பழசையே அமுக்கிப் பூட்டியிருக்காங்க. புது ரிங் விலை ரெண்டு காபிக் காசு.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. என் பங்கும் இருக்கு. பெட்ரோல் போடும்போது குழாய் "டக்"னு தானா நிக்கும் பாருங்க, அதோட விட மாட்டேன். சில்லறையை ரவுண்டு பண்ண இன்னும் ரெண்டு அமுக்கு. நம்ம ஊர்ப் பழக்கம். பங்க்ல தரைக்கடியில குளுமையா இருக்கற பெட்ரோல் நம்ம டேங்குக்கு வந்து சூடானா விரியும். 98 லிட்டர் 15 டிகிரி சூடானா ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடும். அது போறதுக்குன்னு விட்டு வெச்சிருக்கற இடத்தை நான் காசு கொடுத்து அடைச்சேன். நசுங்கின ரிங் வழியா அது வெளியே வந்தது.

புது ரிங் போட்டு, வளையம் அதோட தடத்துல முழுசா உட்கார்ந்ததை விரல் வெச்சுத் தடவிப் பார்த்துப் பூட்டினேன். தொட்டியை இறக்கி மாட்டறதுக்குள்ள மத்தியானம் மூணு மணி. அப்புறம்தான் பிரியாணி. மறுநாள் பின் சுவர்ல இருந்த ரப்பர் மடிப்பையும் எடுத்துப் பார்த்தேன், நினைச்ச மாதிரியே அப்பளமா சுருண்டிருந்தது. அதையும் மாத்தியாச்சு. பழைய ரிங்கை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு அந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மனுஷர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, மன்னிப்புக் கேட்டு, அப்போ வாங்கின கூலியைத் திருப்பிக் கொடுத்துட்டார். "ஒரு வாடையும் இல்லையே"ன்னு அவர் ஒரு தடவைதான் சொன்னார், நான் மூணு தடவை. அதனால அவர்மேல கோபப்படவும் வாய் வரலை.

*

அடுத்த ஞாயித்துக்கிழமை. டேங்க் நிறைய பெட்ரோல், குழாய் "டக்"னதும் கையை எடுத்துட்டேன். ஏசி உள்காத்துல. அம்மா தோட்டத்துல கால் மணி நேரம் நடந்துட்டு வந்து, முக்காலியில ஏறி, பின் சீட்ல உட்கார்ந்தாங்க. நெடுஞ்சாலையில ஏறினதும் வண்டிக்குள்ள யாரும் பேசலை. கண்ணாடியில அம்மா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன்.

பத்து நிமிஷம். பதினஞ்சு நிமிஷம்.

"என்னம்மா?"

"மல்லிப்பூ வாடைதான்யா வருது."

மடியில வெச்சிருந்தது கோயிலுக்குக் கட்டின பூ. பாப்பாதான் ஏமாந்த மாதிரி "மார்க்கர் வாசனை போச்சே"ன்னா. தங்கமணி பின்னாடி திரும்பி அவளுக்கு ஒரு கொட்டு வெச்சாங்க.

அதுக்கப்புறம் அம்மா ஊருக்குக் கிளம்பற வரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை கூட முட்டி வலி வரலை. நவம்பர்ல விமான நிலையத்துக்கும் அந்த வண்டியிலதான் போனோம். இப்பவும் கராஜ் சுவரை ஒட்டின அந்த ரூமுக்குப் போனா, எனக்கே தெரியாம ஒரு தடவை மூச்சை நல்லா இழுத்துப் பார்க்கறேன்.

மக்களே, சுருக்கமா ஒண்ணே ஒண்ணு. வண்டிக்குள்ள வாடைன்னு யாராவது சொன்னா, உங்க மூக்கை நம்பாதீங்க, சொன்னவங்களை நம்புங்க. வண்டியை உடனே கராஜை விட்டு வெளியே எடுங்க. டேங்க் நிறைஞ்சப்பவா குறைஞ்சப்பவா, வெளிக்காத்துலயா உள்காத்துலயா, முன் சீட்லயா பின் சீட்லயான்னு எழுதி வெச்சுக்கோங்க. மெக்கானிக்கிட்ட போனா வாடை வர்ற நிலைமையிலேயே எடுத்துட்டுப் போங்க. சொட்டுச் சொட்டா விழறது கண்ணுக்குத் தெரிஞ்சா ஓட்டவே ஓட்டாதீங்க, இழுவை வண்டியைக் கூப்பிடுங்க.

டிஸ்கி: பெஞ்ச் கதையோட ரெண்டாம் பாகம் நிச்சயமா அடுத்த பதிவுல. அந்த பெஞ்ச்ல உட்கார்ந்தா ஆடுதுன்னு தங்கமணி சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் ஆடற மாதிரி தெரியலை. ஆனா இந்தத் தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லப் போறேன் :-)